மழைக்கணக்கு அலமாரிக்குள் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை வந்தால் கல்லாறு – ஹில்குரோவ் இடையே தண்டவாளத்தில் மண் சரிவு, நீலகிரி மலை ரயில் ரத்து என்று ஒரு செய்தி வரும். கூடவே பர்லியாறு ரோட்டில் மண்ணும் மரமும் விழுந்து, இரண்டு மணி நேரத்தில் அப்புறப்படுத்தினார்கள் என்று இன்னொன்று. வருஷா வருஷம் படிக்கிறேன். அந்த இடத்தைச் சுற்றி முந்தின மூன்று நாளில் எவ்வளவு மழை பெய்தது, எத்தனை மணிக்கு மண் இறங்கியது என்று அதில் இருந்து நான் பார்த்ததில்லை. உங்கள் நிருபரைக் குறை சொல்லவில்லை, அவர்தான் யாரிடம் போய்க் கேட்பார்? மழைக்கணக்கு ஒரு ஆபீஸில், சரிவுக் கணக்கு இன்னொரு ஆபீஸில், சரிந்த நேரமோ அதை அள்ளிப்போட்ட ஜேசிபி டிரைவரின் ஞாபகத்தில்.

நான் குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஃபீல்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். நீலகிரியில் மழையைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் ஆளாளுக்கு எழுதி வைத்திருப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி ஓரிடத்தில் வைக்க வேண்டும், எழுதியவர்களையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. பெரிய செலவு பிடிக்காத வேலை. யாருக்கும் மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

யார் யார் அளக்கிறார்கள் என்று பாருங்கள். வருவாய்த் துறைக்கு மழைமானிகள் இருக்கின்றன. 1932-ல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கிய காலத்திலிருந்து மின்வாரியத்துக்கு மழைதான் மூலதனம், அணைக்கு வருகிற தண்ணீரைப் பார்க்காமல் அவர்களுக்குப் பொழுது விடியாது. ஊட்டியில் 1954-ல் வந்த மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பெரிய எஸ்டேட்டுகளில் வெள்ளைக்கார துரைகள் காலத்திலிருந்தே மழை ரெஜிஸ்டர் உண்டு. தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்கிற ரயில்வே கேங்மேனுக்கு மழைமானியே தேவையில்லை, எந்தப் பாலத்துக்கு அடியில் தண்ணீர் என்ன நிறத்தில் வந்தால் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இத்தனை பேர் இருந்தும் ஒருவர் கையில் இருப்பது அடுத்தவர் கண்ணில் படுவதில்லை.

ஒரே மழைமானி போதாதா என்று சமவெளிக்காரர்கள் கேட்பார்கள். இங்கே போதாது. கூடலூர், தேவாலா, பந்தலூருக்குத் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது கோத்தகிரியில் துணி காயப் போடலாம். 2009 நவம்பர் 10-ம் தேதி கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அந்த வாரம் நடந்த சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், குன்னூரிலும் கேத்தியிலும் அதை மறந்தவர்கள் யாரும் இல்லை. பத்து வருஷம் கழித்து 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல். அது மாவட்டத்தின் இன்னொரு மூலை, வேறு பருவமழை. வானிலைத் துறை வெளியிடுகிற மழை வரைபடத்தில் ஒரு கட்டம் சுமார் 25 கிலோமீட்டர் அகலம், 2,500 சதுர கிலோமீட்டர் சொச்சம் உள்ள நம் மாவட்டமே அப்படி நாலைந்து கட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டத்துக்கு கேத்தியும் ஒன்றுதான், அடுத்த மலைச்சரிவும் ஒன்றுதான்.

சரி, எஸ்டேட் ரெஜிஸ்டரில் என்னதான் இருக்கிறது? தேதி, மழை, அன்றைக்குப் பறித்த பச்சை இலை எடை, கடைசியில் குறிப்பு என்று ஒரு பத்தி. முதல் மூன்றையும் எல்லோரும் பார்ப்பார்கள், கடைசிப் பத்தியை யாரும் பார்க்க மாட்டார்கள். அதில்தான் ‘7-ம் நம்பர் காட்டு ஓடை கலங்கி வருகிறது’, ‘லயன் வீட்டுப் பின்சுவரில் புது விரிசல்’ (லயன் என்பது தொழிலாளர் குடியிருப்பு), ‘மேல் ஊற்று நின்றுவிட்டது’ என்றெல்லாம் எழுதியிருக்கும். பல நாள் ஊறிய மண் உள்ளுக்குள் நகர ஆரம்பித்துவிட்டது என்பதற்கு இவையெல்லாம் அறிகுறி. நம் மலையில் கெட்டிப் பாறைக்கு மேலே ஆழமாக மக்கிய செம்மண் கிடக்கிறது, மூன்று நான்கு நாள் தண்ணீர் குடித்துக் கனத்துப் போன பிறகு ஒரு மணி நேரம் அடைமழை அடித்தால் போதும். மழையளவும் இந்தக் குறிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான், எவ்வளவு பெய்தால் எந்தச் சரிவு தாங்காது என்று கணக்குப் போட முடியும்.

ஆனால் ஜெராக்ஸ் எடுத்து ஒரு மூலையில் அடுக்கினால் மட்டும் வேலை முடியாது. அதனால்தான் எழுதியவர்களும் வேண்டும் என்கிறேன். அரசு ஆபீஸில் காலை எட்டரைக்கு அளந்து அன்றைய தேதியில் எழுதுவார்கள். எஸ்டேட்டில் மஸ்டர், அதாவது ஆட்களின் வருகைப் பதிவு, எடுக்கும்போதே, ஏழு மணிக்குள் அளந்து, ‘இது நேற்றுப் பெய்தது’ என்று முந்தின நாள் கணக்கில் எழுதுகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. ஒரே மழை இரண்டு தேதியில் போய் நிற்கும். பழைய புத்தகங்கள் அங்குலத்திலும் சென்ட்டிலும் இருக்கும், நூறு சென்ட் ஒரு அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். இது தெரியாத ஒரு பையன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் 50 சென்ட் 50 மில்லிமீட்டர் ஆகிவிடும், பெய்தது பன்னிரண்டே முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை.

இன்னொன்று சொல்கிறேன், கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு தோட்டத்தில் வருஷா வருஷம் மழை குறைந்துகொண்டே வந்ததாக ரெஜிஸ்டர் சொன்னது. போய்ப் பார்த்தால் மழைமானிக்குப் பக்கத்தில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் வளர்ந்து மேலே கவிழ்ந்து நிற்கிறது. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி மழைமானி இருக்க வேண்டும் என்பது விதி. மரம் எப்போது நட்டார்கள், எப்போது கவாத்து செய்தார்கள் என்பது அங்கே வேலை செய்தவருக்குத் தெரியும். புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்பவர் நீலகிரியில் மழை குறைகிறது என்று கட்டுரை எழுதிவிடுவார்.

ஏன் தர மாட்டேன் என்கிறார்கள்? கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். மழையும் இலை எடையும் ஒரே பக்கத்தில் இருப்பதால் எஸ்டேட்காரர்களுக்கு வியாபார ரகசியம் போய்விடும் என்ற பயம். அந்தப் பத்தியின் மேல் ஒரு காகிதத்தை வைத்து மறைத்து நகல் எடுத்தால் தீர்ந்தது. அரசு ஆபீஸ்களில் இருப்பது வேறு பயம், அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ‘இவ்வளவு மழை என்று தெரிந்தும் ஏன் ரோட்டை மூடவில்லை?’ என்று நாளைக்கு யாராவது கேட்டால் மாட்டுவது கீழே இருக்கிற ஊழியர்தான், மேலதிகாரி இல்லை. அதனால் முதலில் பத்து வருஷத்துக்கு முந்தின கணக்கை மட்டும் திறந்து விடட்டும். பழசுக்கு யார் மேலும் யாரும் பாய மாட்டார்கள், ஆனால் சரிவு எங்கே எப்போது வரும் என்பதைக் கற்றுக்கொள்ள அந்தப் பழசுதான் வேண்டும்.

நான் ஒரு ஆபீஸில், பேர் வேண்டாம், பழைய மழைக்கணக்கு கேட்டு எழுதினேன். ‘தாங்கள் கோரும் தகவல் தொகுக்கப்பட்ட வடிவில் இல்லை’ என்று பதில் வந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் 4-வது பிரிவு, ஒருவரும் கேட்காமலேயே அலுவலகங்கள் தாங்களாகத் தகவலை வெளியிட வேண்டும் என்று சொல்கிறது. இங்கே கேட்டும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் ஆபீஸில் வாய் திறக்காத இதே ஆட்கள் டீக்கடையில் எல்லாவற்றையும் கொட்டுவார்கள். மஞ்சூரில் ஒரு தடவை என் காதில் விழுந்தது. மின்வாரியத்துக்காரர் ஒருவர், “அண்ணே, மேல ராத்திரி ரெண்டு மணியிலிருந்து விடவே இல்ல, நிக்காது போலிருக்கு” என்றார். ரோடு வேலை பார்க்கிறவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டே, “அப்ப நான் ஜேசிபிய வளைவுகிட்ட இப்பவே நிறுத்திடறேன் தம்பி” என்று எழுந்து போய்விட்டார். கடிதப் போக்குவரத்தாக இருந்தால் அதற்கு ஒரு வாரம் ஆகியிருக்கும். இந்த இரண்டு பேரும் மாற்றலாகிப் போனால் அடுத்து வருபவர்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கும் என்று என்ன நிச்சயம்? மலைக்கு மாற்றலாகி வருபவர்கள் இரண்டு வருஷத்தில் கீழே இறங்கத்தான் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று நினைக்க வேண்டாம், பக்கத்து மலையிலேயே நடந்திருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1900-களின் தொடக்கத்திலிருந்து தினமும் சூரியனைப் படம் எடுத்துக் கண்ணாடித் தகடுகளில் வைத்திருந்தார்கள். அவற்றையெல்லாம் இந்திய வானியற்பியல் நிறுவனம் டிஜிட்டல் ஆக்கி வெளியே விட்டது, இன்று எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் எடுத்துப் பார்க்கலாம். நூறு வருஷத்துக்கு முன்னால் மேகம் விலகக் காத்திருந்து அந்தப் படத்தை எடுத்தவர், பின்னால் யார் எதற்குக் கேட்பார்கள் என்று யோசித்தா எடுத்தார்?

குன்னூர் பக்கத்து வெலிங்டனில் இருக்கிற கோதுமை ஆராய்ச்சி நிலையத்தைப் பாருங்கள். வடக்கே கோடை வெயிலில் கோதுமையின் துரு நோய்ப் பூஞ்சை செத்துப்போகிறது, நம் நீலகிரி, பழனி மலைக் குளிரில் உயிரோடு இருந்து பருவத்தில் காற்றில் ஏறி மத்திய இந்தியாவுக்குப் போகிறது. ஒரே ஊரில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இது யாருக்கும் பிடிபட்டிருக்காது. பல மாநிலத்து வயல்களில் எப்போது நோய் வந்தது என்று சேர்த்து வைத்துப் பார்த்ததால்தான் வழி தெரிந்தது. இன்றைக்கும் நாட்டின் பல ஆராய்ச்சி நிலையங்கள் தங்கள் கோதுமை ரகங்களை இங்கே அனுப்பி நோய் தாங்குகிறதா என்று பார்க்கின்றன. ‘என் விதையை அடுத்த நிலையத்துக்காரன் பார்த்துவிடுவான்’ என்று பூட்டி வைக்கவில்லை.

வால்பாறையிலும் யானை நிற்கிற இடத்தை எஸ்டேட் எல்லை பார்க்காமல் எல்லோருக்கும் எஸ்எம்எஸ்ஸில் சொல்கிறார்கள், சிவப்பு விளக்கும் எரிகிறது. யானைக்கு வேலி தெரியாது என்பதால் வந்த புத்தி. மழைக்கு மட்டும் எந்த எஸ்டேட் யாருடையது என்று தெரியுமா?

இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 2020 முதல் நீலகிரிக்கும் டார்ஜிலிங்குக்கும் நிலச்சரிவு முன்னறிவிப்பைச் சோதனையாகத் தயாரித்து மாவட்ட நிர்வாகத்துக்குக் கொடுக்க ஆரம்பித்தது, 2024-ல் அதற்கென்று கொல்கத்தாவில் தேசிய மையமும் வந்துவிட்டது. நல்லது. அந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் எந்த இடம், எந்த நேரம், எவ்வளவு மழை என்ற மூன்றும் வேண்டும். ரோட்டில் விழுந்த மண்ணை நெடுஞ்சாலைத் துறை மளமளவென்று அள்ளிவிடுகிறது, பாராட்டத்தான் வேண்டும், ஆனால் அள்ளுவதற்கு முன்னால் மணி பார்த்து செல்போனில் ஒரு போட்டோ எடுத்தால் என்ன? செல்போனே நேரத்தையும் இடத்தையும் பதிந்துகொள்ளும். சின்னச் சரிவுகள்தான் அதிகம், அவைதான் எந்தக் கணக்கிலும் ஏறாமல் போகின்றன.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். மழை நாட்களில் எமரால்டு இவ்வளவு, கிண்ணக்கொரை இவ்வளவு, கோடநாடு இவ்வளவு என்று பட்டியல் போடுகிறீர்கள். பக்கத்திலேயே மூன்று நாள் மொத்தம் என்று இன்னொரு எண் சேர்த்துப் போடுங்கள். ஒரு நாள் மழையைப் பார்த்து யாரும் வீட்டைக் காலி செய்ய மாட்டார்கள். மூன்று நாள் மொத்தத்தைப் பார்த்தால் சரிவுக்கு அடியில் வீடு கட்டியிருப்பவர் ஒரு ராத்திரி சொந்தக்காரர் வீட்டில் போய்ப் படுக்கலாமா என்றாவது யோசிப்பார்.

மற்றது மாவட்ட நிர்வாகம் கூப்பிட்டால்தான் நடக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும், அதற்கு முன் செப்டம்பரில் ஒரு நாள் போதும். மின்வாரியம், நெடுஞ்சாலை, ரயில்வே, வனத்துறை, எஸ்டேட்காரர்கள், சிறு தேயிலை விவசாயிகள், ஆராய்ச்சி நிலையங்கள் என்று எல்லோரையும் கூப்பிடுங்கள். அதிகாரிகள் மட்டும் வந்து டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுப் போகிற கூட்டமாக இல்லாமல், தினமும் கையால் அளக்கிறவரும் கேங்மேனும் வர வேண்டும், அவர்களுக்கு அன்றைய சம்பளம் பிடிக்கக் கூடாது. தட்டச்சு செய்ய இங்கேயே கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். சென்ட் எது, மில்லிமீட்டர் எது, எந்தத் தேதி யாருடைய தேதி என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் குன்னூரிலும் கோத்தகிரியிலும் நிறையப் பேர் சும்மாதான் இருக்கிறோம். பஸ் செலவு எங்களுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட ஊழியர்,
குன்னூர்.