ஐ.டி. நிறுவன வேலை: யாரிடம், எதைக் கேட்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளில் வளாகத் தேர்வு தொடங்கிவிட்டால், பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் தமிழர்களுக்கு ஊரிலிருந்து வரும் முதல் கேள்வி, "அந்தக் கம்பெனி எப்படி?" என்பதுதான். ஒருவர் "கண்ணை மூடிக்கொண்டு சேரலாம்" என்கிறார். அதே கம்பெனியில் பக்கத்துக் கட்டடத்தில் இருப்பவர் "பிள்ளையைச் சேர்த்துவிடாதீர்கள்" என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. லட்சக்கணக்கானோர் வேலை பார்க்கும் ஆலோசனை நிறுவனம் ஒரே வேலையிடம் அல்ல. நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு ஆள் அனுப்பும் இடம் அது. வாடிக்கையாளர் மாறினால் நேரம், மேலாளர், வேலை எல்லாமே மாறிவிடும். ஆகவே கம்பெனி பெயரோடு நிறுத்திவிடாமல், எந்த அக்கவுண்ட் (அதாவது எந்த வாடிக்கையாளரின் வேலை), எந்த வகை ஒப்பந்தம், எந்த ஷிஃப்ட் என்று கேட்டால்தான் பதிலுக்குப் பயன் உண்டு. பயிற்சி வளாகத்தில் இருக்கும் புதியவர் இன்னும் எந்த வாடிக்கையாளர் வேலையிலும் இறங்கவில்லை. அவர் கருத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். வேலை பார்த்து ஓராண்டு முடித்தவரிடம் கேளுங்கள்.

ஒப்பந்த வகைதான் வேலைச்சுமையைத் தீர்மானிக்கிறது. 'டைம் அண்ட் மெட்டீரியல்' என்றால் வாடிக்கையாளர் மணிக்கணக்குக்குப் பணம் தருகிறார். டைம்ஷீட்டை வாரந்தோறும் சரியாக நிரப்பினால் பெரிய நெருக்கடி வராது. 'ஃபிக்ஸட் பிரைஸ்' என்றால் மொத்த வேலைக்கும் ஒரே தொகை. மதிப்பீடு தவறினால் கூடுதல் மணிநேரம் முழுவதும் நிறுவனத்தின் லாபத்தைத் தின்னும். அதைக் குழுவின் சனி, ஞாயிறுகள்தான் ஈடுகட்டுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் சப்போர்ட் வேலையில் டிக்கெட் (வாடிக்கையாளரின் புகார்) வந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒப்பந்தத்தில் சொன்ன நேரத்துக்குள் சரி செய்யாவிட்டால் அபராதம் என்பதால் ஆன்கால் முறை (அழைத்தால் எந்நேரமும் வேலைக்கு வர வேண்டிய முறை) வைத்து ஆளை எழுப்புவார்கள். சப்போர்ட் என்றால், ஆன்கால் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, அதற்குப் படி உண்டா, மறுநாள் ஓய்வு உண்டா என்ற மூன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஷிஃப்டை வாடிக்கையாளர் இருக்கும் நாட்டை வைத்தே கணக்கிடலாம். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு அவர்களின் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. லண்டனுக்கு மதியம் 1.30 அல்லது 2.30. சிட்னியில் 9 மணி என்றால் நமக்கு அதிகாலை 4.30, அவர்களின் கோடையில் 3.30. லண்டன் அக்கவுண்ட்டில் இருப்பவர் நிம்மதியாக இருக்கிறேன் என்றும், அமெரிக்க அக்கவுண்ட்டில் இருப்பவர் தூக்கமே இல்லை என்றும் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஓசூரில் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வர நினைப்பவர்கள், அலுவலக கேப் மாநில எல்லையில் உள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி வருமா என்று முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோ ஓசூர் வரை வராமல் பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது. நடுராத்திரி வீடு திரும்புபவர்களுக்கு அதுவும் உதவாது.

பெற்றோர் அதிகம் ஏமாறுவது சம்பளக் கணக்கில்தான். ஆண்டுக்கு 4 லட்சம் சி.டி.சி. (ஊழியருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்றதும் 12ஆல் வகுத்து மாதம் 33,333 ரூபாய் என்று நினைத்துவிடுகிறார்கள். பிரித்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு 12 சதவீதம், 24,000. பணிக்கொடைக்கு 4.81 சதவீதம், 9,620. வேரியபிள் பே (கூடவோ குறையவோ செய்யும் ஊதியம்) மொத்தத்தில் 10 சதவீதம் என்றால் 40,000. காப்பீட்டு பிரீமியம் 6,000 என்று வைப்போம். மிச்சம் 3,20,380, மாதத்துக்கு 26,698. இதில் ஊழியரின் பி.எஃப். பங்கு 2,000, கர்நாடகத் தொழில்வரி 200 போனால் கைக்கு வருவது ஏறக்குறைய 24,500 ரூபாய். வேரியபிள் பே முழுதாக வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. நிறுவனத்தின், பிரிவின் லாபத்தைப் பொறுத்தது அது. பணிக்கொடை என்று காட்டும் தொகை, பொதுவாக 5 ஆண்டு முடிக்காமல் விலகும் நிரந்தர ஊழியருக்குக் கிடைக்காது. வீட்டுக் கடன், கல்விக் கடன் தவணையை 33 ஆயிரத்தை நம்பிப் போட்டுவிட்டு முதல் சம்பளத்தன்று திணறும் குடும்பங்கள் ஏராளம். ஆஃபர் கடிதத்தின் இணைப்பில் உள்ள பிரிப்புத் தாளை வாங்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

பெஞ்ச், அதாவது புராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் காலம் பற்றிய பயம் நியாயமானது. நாட்டின் மிகப் பெரிய ஐ.டி. நிறுவனமே 2025 ஜூனில், ஊழியர் ஆண்டுக்கு 225 நாள் பில்லபிளாக (வாடிக்கையாளர் பணம் தரும் வேலையில்) இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்தது. புராஜெக்டில் இருந்தும் 'ஷேடோ' (கணக்கில் காட்டாத கூடுதல் ஆள்) என்று வைத்திருந்தால், வேலை செய்தாலும் வாடிக்கையாளரிடமிருந்து உங்கள் பெயரில் பணம் வராது. எந்தத் தேதியிலிருந்து பில்லிங் என்று மேலாளரிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். புராஜெக்டிலிருந்து விடுவிக்கும் (ரிலீஸ்) தேதி தெரிந்தவுடனே அடுத்த புராஜெக்டைத் தேடத் தொடங்க வேண்டும். வெளியே வந்த பிறகு தேடினால் கிடைத்ததை ஏற்க வேண்டிவரும். ஜாவா படித்தவர் ஓராண்டு டெஸ்டிங்கில் இருந்துவிட்டால், நிறுவனத்துக்குள் ஆள் தேடும்போது அவர் பெயர் டெஸ்டிங்குக்கு மட்டுமே வரும். ஆண்டு நடுவே புராஜெக்ட் மாறினால், பழைய மேலாளர் உங்கள் மதிப்பீட்டைப் பதிவு செய்த பிறகே கிளம்புங்கள். இல்லையென்றால் உங்களை இரண்டு மாதம் மட்டுமே பார்த்தவர் மொத்த ஆண்டுக்கும் ரேட்டிங் போடுவார்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "எஸ். கார்த்திக்", ஆதாரில் "கார்த்திக் எஸ்", பான் அட்டையில் அப்பா பெயரை விரித்து "கார்த்திக் சுப்பிரமணியன்" என்றிருக்கும். பி.எஃப். கணக்கில் கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) இணையாது, பின்னணிச் சரிபார்ப்பில் கேள்வி வரும், பாஸ்போர்ட், விசா வரை இழுக்கும். சேர்ந்த பிறகு திருத்துவதைவிட, கல்லூரி மூன்றாம் ஆண்டிலேயே எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிடுவது எளிது. சான்றிதழைவிட மாற்ற எளிதானவை ஆதாரும் பானும்; முதலில் அவற்றைத் திருத்துங்கள்.

விலகும்போதுதான் பலர் கசப்பாகப் பேசத் தொடங்குகிறார்கள். பல பெரிய நிறுவனங்களில் நோட்டீஸ் (விலகுவதாகச் சொன்ன பின் வேலை பார்க்க வேண்டிய காலம்) 90 நாள். புதிய நிறுவனமோ 30 நாளில் வரச் சொல்லும். நோட்டீஸைப் பணம் கட்டிக் குறைக்க முடியுமா, அதை முடிவு செய்வது ஊழியரா மேலாளரா என்பது ஆஃபர் கடிதத்திலேயே இருக்கும். பயிற்சிக்கான பாண்ட் (குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) இருந்தால் தொகை எவ்வளவு, மாதம் செல்லச் செல்லக் குறையுமா என்று பாருங்கள். அசல் சான்றிதழைக் கேட்கும் இடத்தில் சேரவே வேண்டாம். ரிலீவிங் (பணி விடுவிப்பு) கடிதம், அனுபவச் சான்றிதழ், வருமான வரிப் பிடித்தச் சான்றிதழ், பி.எஃப். கணக்கில் விலகிய தேதி ஆகிய நான்கும் கைக்கு வர வேண்டும். விலகிய தேதியை நிறுவனம் பதியாவிட்டால், கடைசிச் சந்தா செலுத்திய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து ஊழியரே இணையத்தில் பதியலாம். பணத்தை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். 5 ஆண்டுத் தொடர் பணி முடியும் முன் எடுத்தால் வரி உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலகியவரின் ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். இதைத் தெரிந்து கேட்பவர்கள் குறைவு.

கர்நாடக அரசு 2024 மார்ச்சில் ஐ.டி. நிறுவனங்களுக்கு, பணி விதிகளை எழுத்தில் வரையறுக்கச் சொன்ன அப்போதைய நிலையாணைச் சட்டத்திலிருந்து தந்த விலக்கை மேலும் 5 ஆண்டு நீட்டித்தபோது, குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், புகாரை எங்கே பதிய வேண்டும் என்று கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அலுவலர்களிடம் எங்கள் வேண்டுகோள்: ஆஃபர் கடிதம் தரும் நாளிலேயே சம்பளப் பிரிப்பு, பாண்ட், நோட்டீஸ் ஆகிய மூன்றையும் பெற்றோர் முன்னிலையில் தமிழில் விளக்குங்கள். பெயர்த் திருத்தத்துக்கு மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குக் கல்லூரியிலேயே ஒரு ஆதார் முகாம் நடத்துங்கள். தங்கள் நாளிதழும் வளாகத் தேர்வுக் காலத்தில் இந்தச் சம்பளக் கணக்கை வெளியிட்டால் பல குடும்பங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஐ.டி. துறையில் பணிபுரியும் தமிழர்கள் சிலர்,
எலக்ட்ரானிக் சிட்டி, பெங்களூரு.