மக்காத இழைகளை மக்கும் என்று விற்பது குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், தண்டையார்பேட்டை, சென்னை.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள்.

பொருள்: "100% மக்கக்கூடியது" என்று அச்சிட்டு விற்கப்படும் உங்கள் மூங்கில் டூத் பிரஷ்ஷின் இழைகள் நைலானாக இருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சென்ற ஆண்டு தை மாதம் உங்கள் நிறுவனத்தின் மூங்கில் டூத் பிரஷ்கள் நான்கு கொண்ட பெட்டி ஒன்றை 399 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எங்கள் வீட்டில் நான்கு பேர். பல் மருத்துவர் சொல்வதுபோல மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷை மாற்றினால், எங்கள் ஒரு வீட்டிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 16 பிரஷ்கள் குப்பைக்குப் போகின்றன. வடசென்னையில் இருப்பவர்களுக்குக் குப்பை எங்கே போகிறது என்பதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கொடுங்கையூர்க் கிடங்கில் தீப்பிடிக்கும் நாட்களில் அதன் புகை எங்கள் துணிக்கொடி வரை வருகிறது. பக்கத்துக் கடையில் பாதி விலைக்கும் குறைவாகப் பிளாஸ்டிக் பிரஷ் கிடைக்கும் என்று தெரிந்தும் உங்கள் பெட்டியை எடுத்ததற்கு அதுவே காரணம். வேறு காரணம் எதுவும் இல்லை.

பயன்படுத்தி முடித்த பிரஷ்களைப் பெட்டியில் சொன்னபடியே சித்திரை மாதத்தில் மாடியில் உள்ள உரத்தொட்டியில் புதைத்தேன். வாழைப்பழத் தோல், டீத்தூள், காய்கறிக் கழிவு ஆகியவற்றோடு மழைக்காலம் முழுவதும் அவை அங்கேயே கிடந்தன. மார்கழியில் செடிகளுக்கு உரம் அள்ளியபோது மூங்கில் கைப்பிடிகள் கறுத்து, நகத்தால் கீறினாலே நாராகப் பிரியும் நிலைக்கு வந்திருந்தன. அந்த வகையில் நீங்கள் சொன்னது உண்மைதான். ஆனால் இழைகள் வாங்கிய அன்று இருந்ததுபோலவே வெள்ளையாக, விறைப்பாக, கற்றை கற்றையாக உரத்துக்குள் கிடந்தன. ஒவ்வொரு கற்றையையும் கைப்பிடியோடு பிணைத்திருந்த சிறிய உலோகத் துண்டும் அப்படியே இருந்தது. அரைத் தொட்டி உரத்தைச் சல்லடையில் சலித்தும் இழைகள் முழுவதுமாக வெளியே வரவில்லை. கீரை விதைக்க வைத்திருந்த அந்த உரத்தை இன்னும் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறேன்.

என் அப்பா காசிமேட்டில் நாற்பது ஆண்டுகள் வலையோடு வாழ்ந்தவர். இரண்டு இழைகளை எடுத்துத் தீக்குச்சியில் காட்டினார். விலங்கின் முடியால் செய்த இழையாக இருந்தால் கருகி நாற்றமடிக்கும். இதுவோ சுருங்கி உருகி, நுனியில் கடுகளவு கெட்டியான மணியாக உறைந்தது. "இது நம்ம வலை நைலான்தாம்மா" என்றார். பருத்தி நூல் வலைகள் உப்புத் தண்ணீரில் இற்றுப்போனதால்தான் அவருடைய தந்தையின் காலத்தில் எல்லோரும் நைலான் வலைக்கு மாறினார்கள். இற்றுப்போகாது என்பதற்காகவே ஊரெல்லாம் வாங்கிய ஒரு பொருளை, மண்ணில் மக்கிவிடும் என்று எழுதி என்னிடம் விற்றிருக்கிறீர்கள்.

இதை உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் தெரிவித்தபோது, பேசியவர் மரியாதையாகவே பேசினார். ஆனால் "மக்கும் என்று நாங்கள் சொல்வது கைப்பிடியை மட்டும்தான்" என்றார். பெட்டியின் முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ கைப்பிடி என்ற சொல்லே இல்லை. "நைலான்" என்ற சொல்லும் எங்கும் இல்லை. இதுவே என் புகாரின் மையம்.

நைலானைப் பயன்படுத்தியது தவறு என்று நான் சொல்லவில்லை. முழுவதும் மக்கும் இழை வேண்டுமானால் பன்றி முடியைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும் என்பதும், பல வீடுகளில் அதை ஏற்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யும் நைலானும் மூலப்பொருளில்தான் தாவரம்; தாவரத்திலிருந்து வந்தது என்பதற்காக அது மண்ணில் மக்கிவிடாது. வேப்பங்குச்சியும், சென்னை மண்ணடிப் பகுதியில் விற்கும் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சியும் முழுவதும் மக்கும்தான், ஆனால் என் மகளின் ஈறுகளுக்கு மிருதுவான இழையே வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆகவே மூங்கில் கைப்பிடியும் நைலான் இழையும் கொண்ட பிரஷ், பிளாஸ்டிக் கைப்பிடி பிரஷ்ஷைவிட மேலானது என்றே இன்றும் கருதுகிறேன். அதை உள்ளபடி சொல்லியிருந்தால், இடுக்கியால் இழைகளைப் பிடுங்கி மக்காத குப்பையில் போட்டுவிட்டு, கைப்பிடியை மட்டும் புதைத்திருப்பேன். ஐந்து நிமிட வேலை. சொல்லாமல் விட்டதால், உங்கள் பெட்டியை நம்பி பிரஷ்ஷை மக்கும் குப்பையில் போடும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நைலான் இழை உரத்துக்குள் போகிறது. அதைப் பிரித்தெடுக்கும் வேலை துப்புரவுப் பணியாளர்களின் தலையில் விழுகிறது. ஆனால் இவ்வளவு மெல்லிய இழையை யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், சுற்றுச்சூழல் சார்ந்து ஒரு நிறுவனம் சொல்லும் சொல் முழுப் பொருளுக்கானதா, அதன் ஒரு பகுதிக்கானதா என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது என்பதையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

ஆகவே, "100% மக்கக்கூடியது" என்ற வாசகத்தைப் பெட்டியிலிருந்தும் விளம்பரங்களிலிருந்தும் நீக்கி, கைப்பிடி மூங்கில், இழை நைலான், புதைக்கும் முன் இழைகளைப் பிடுங்கிவிட வேண்டும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே கடைகளில் உள்ள பெட்டிகளின் மீது ஒரு ஒட்டுச்சீட்டு ஒட்டினாலும் போதும். எனக்கு 399 ரூபாயைத் திருப்பித் தருவது இதற்கு அடுத்ததுதான். ஆனாலும் அதையும் கேட்கிறேன். 30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்வேன்.

பெட்டியின் முன்பக்க அட்டை, ரசீதின் நகல், தொட்டியிலிருந்து எடுத்த இழைகள் ஒரு சிறு காகித உறையில் என மூன்றையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தண்டையார்பேட்டை