பிழைத்த குழந்தைகளுக்கும் ஒரு தணிக்கை வேண்டும்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் தமிழ்நாடு இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

வட மாவட்டச் சிறுநகரம் ஒன்றில் குழந்தைகளுக்கு இயன்முறை சிகிச்சை அளித்து வருகிறேன். எட்டு மாதமாகியும் தலை நிற்காத குழந்தை, கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கியே வைத்திருக்கும் குழந்தை, தூக்கி நிறுத்தினால் கால்கள் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும் குழந்தை என்று என்னிடம் வருகிறார்கள். பிரசவம் எப்படி நடந்தது என்று தாயிடம் கேட்டால் பலரும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குகிறார்கள்: "பிறந்ததும் அழவில்லை."

இப்படிக் குழந்தைகளின் அசைவைப் பாதிக்கும் மூளை முடக்குவாதம் எல்லாமே பிரசவ அறையில் உண்டாவதில்லை. குறைமாதப் பிறப்பு, கவனிக்காமல் விட்ட மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல், மரபணுக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. நான் எழுதுவது, நிறைமாதம் வரை வயிற்றில் நன்றாக இருந்து, பிரசவ வலியின் சில மணி நேரத்தில் ரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் குறைந்து மூளை காயம்பட்ட குழந்தைகளைப் பற்றி மட்டும். டிஸ்சார்ஜ் தாளில் இந்தக் காயத்தை 'எச்.ஐ.இ.' என்ற ஆங்கிலச் சுருக்கத்தில் எழுதி, பக்கத்தில் அதன் கடுமையை முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று குறித்திருப்பார்கள். முதல் நிலைக் குழந்தைகள் பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள். மூன்றாம் நிலையில் பலர் இறந்துவிடுகிறார்கள். இரண்டாம் நிலையில் ஒரு பகுதியினரும், மூன்றாம் நிலையில் தப்பியவர்களும் சில மாதங்கள் கழித்து என் போன்றவர்களிடம் வந்து சேர்கிறார்கள்.

பிரசவத்தில் தாய் இறந்தால், அது எப்படி நேர்ந்தது என்று ஆராயும் தணிக்கை நடக்கிறது. 1990களிலேயே அதைத் தொடங்கிய மாநிலம் நம்முடையது. அந்தப் பெருமை துறைக்கு உரியதுதான். சிசு இறந்தாலும் ஆய்வு செய்ய வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 2014 முதல் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி இங்கே ஆயிரம் பிறப்புக்கு 13 சிசுக்கள் இறந்தார்கள். நாடு முழுவதற்கும் அந்த எண் 28. இப்படிக் குறைந்ததற்கு, ஒவ்வொரு மரணத்தையும் பற்றி யாரோ ஒருவர் விடாமல் கேள்வி கேட்டதும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் இறக்காமல், வலிப்போடு பல நாள் கிடந்து, மூக்குக் குழாய் வழியே பால் குடித்து வீட்டுக்குப் போன குழந்தை? மருத்துவமனைக் கணக்கில் அது பிழைத்த குழந்தை. நோயின் பெயர் பச்சிளம் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவின் கணினியில் ஏறியிருக்கும், அதை அறிவேன். அங்கிருந்து பிரசவ அறைக்குத் திரும்பிச் சென்று, அந்த இரவு எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று கட்டாயமாகக் கேட்கும் நடைமுறையைத்தான் நான் பார்த்த அளவில் எங்கும் காணவில்லை. தனியார் மருத்துவமனையில் பிறந்து, நிலைமை மோசமானதும் 108இல் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம். குழந்தை வந்துவிடும். பிரசவக் குறிப்புகள் வருவதில்லை.

பிரிட்டனில் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி 'ஈச் பேபி கவுன்ட்ஸ்' என்ற திட்டத்தை நடத்தியது. நிறைமாதத்தில் பிரசவ வலி தொடங்கும்வரை நலமாக இருந்து, பின்னர் இறந்த அல்லது கடுமையான மூளைக் காயத்துக்கு ஆளான குழந்தைகள் அனைவரையும் அது கணக்கில் எடுத்தது. 2015இல் பிறந்தவர்களில் அப்படி 1,136 பேர். இறந்தே பிறந்தவர்களும் முதல் வாரத்தில் இறந்தவர்களும் சேர்ந்து 282. மீதி 854 பேர் மூளைக் காயத்துடன் பிழைத்தவர்கள். இறப்பை மட்டும் எண்ணியிருந்தால் நான்கில் மூன்று பங்கு அவர்கள் கண்ணுக்கே தெரிந்திருக்காது. இன்னொரு முடிவு எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. போதிய தகவல் கிடைத்த 727 குழந்தைகளில் 556 பேருக்கு, வேறு விதமாகக் கவனித்திருந்தால் விளைவும் வேறாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அத்தனை வசதியுள்ள நாட்டிலேயே இப்படி. நம் மாவட்டங்களின் எண் என்ன? அதைக் கேட்டு எழுதாதவரை யாராலும் சொல்ல முடியாது.

இங்கே ஆய்வு இல்லாத இடத்தைக் கதைகள் நிரப்பிக்கொள்கின்றன. "கொடி சுற்றிப் பிறந்தது, அதனால்தான்" என்பது அதிகம் கேட்கும் கதை. ஏறத்தாழ நான்கைந்து பிரசவங்களில் ஒன்றில் தொப்புள் கொடி கழுத்தில் சுற்றியிருக்கும்; அப்படிப் பிறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வீறிட்டு அழுதுகொண்டுதான் வெளியே வருகிறார்கள். (மாலை சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று சொல்லி, எண்ணெய்க் கிண்ணத்தில் முதலில் முகம் பார்க்க வைக்கும் ஊர் இது. அந்த நம்பிக்கையாவது மாமனோடு நின்றுவிடுகிறது.) "தண்ணீர் குடித்துவிட்டது" என்பது அடுத்த கதை. இவற்றையெல்லாம் விடக் கொடியது, "நீ சரியாக முக்கவில்லை" என்பது. பிரசவ மேசையில் பதற்றத்தில் சொன்ன சொல்லாக இருக்கலாம். அது மாமியார் வாய்க்குப் போய், உறவினர் வாய்க்குப் போய், குழந்தைக்கு ஐந்து வயதாகும்போதும் அந்தப் பெண்ணைச் சுடுகிறது. என் அறையில் குழந்தையின் காலை நீட்டி மடக்கிக்கொண்டே, "நான் முக்கியிருந்தால் இவன் நடந்திருப்பான் இல்லையா அக்கா?" என்று கேட்ட தாய்கள் உண்டு. அவர்களுக்கு வர வேண்டிய பதில் மருத்துவமனையிலிருந்து, எழுத்தில் வர வேண்டும்.

சில காயங்களை எவராலும் தடுக்க முடியாது என்பது உண்மை. தொப்புள் கொடி குழந்தைக்கு முன்னால் நழுவி இறங்குவதும், நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து திடீரெனப் பிரிவதும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மற்றவை மெல்ல வருகின்றன. வலி தொடங்கிய பெண்ணுக்கு முதல் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் இயல்பு. இரவுப் பணியில் இருக்கும் ஒரு செவிலியர் வலியில் இருக்கும் ஐந்தாறு பெண்களைப் பார்க்க வேண்டியிருந்தால் இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? பிரசவ முன்னேற்றத்தை மணிக்கு மணி குறிக்க வேண்டிய வரைபடம் எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து நிரப்பப்படுகிறது என்று எனக்குச் சொன்னவர்கள் செவிலியர்களேதான். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. பணியிடங்களைக் காலியாக வைத்திருப்பவர்கள் மீது உண்டு.

பிரசவ வலியைத் தூண்டும் ஊசியும் அப்படித்தான். டிரிப்ஸில் ஏற்றும் ஆக்சிடோசின் அளவு மீறினால் கருப்பை ஓய்வில்லாமல் சுருங்கும். ஒரு சுருக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையில்தான் குழந்தைக்கு ரத்தம் நன்றாகப் போய்ச் சேரும். எத்தனை சொட்டு, எப்போது கூட்டினார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்ற விவரம் இல்லாத கேஸ் தாள்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தையை வெளியே தள்ள வயிற்றின் மேல்பகுதியை அழுத்தும் வழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் 2018இலேயே பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. "மேலே ஏறி அமுக்கினார்கள்" என்று தாய்மார் இன்றும் சொல்கிறார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நம் மாநிலத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் மருத்துவமனைப் பிரசவங்கள், 44.9 சதவீதம் சிசேரியன். ஆகவே அறுவை சிகிச்சை போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தேவைப்பட்டவருக்குத் தேவைப்பட்ட நேரத்தில் கிடைத்ததா என்பதுதான் கேட்க வேண்டியது.

பிறந்து முதல் நிமிடத்துக்குள் மூச்சு வராத குழந்தைக்குப் பையும் முகமூடியும் வைத்துக் காற்றுக் கொடுக்க, 2009இல் தொடங்கிய நவஜாத் சிசு சுரக்ஷா திட்டத்தில் பயிற்சி கொடுத்தாகிவிட்டது. பயிற்சி பெற்றவர் இடமாற்றத்தில் போனபின் அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். பணம் ஒதுக்கும்போது, காயம்பட்ட குழந்தையின் உடலைக் குளிரூட்டும் கருவி வாங்குவோம் என்று யாராவது கோப்பு கொண்டுவந்தால் அவசரப்பட வேண்டாம். பிறந்து 6 மணி நேரத்துக்குள் குழந்தையின் உடல் வெப்பத்தை 33.5 டிகிரிக்கு இறக்கி 72 மணி நேரம் வைத்திருப்பது மேலை நாடுகளில் நல்ல பலன் தந்த சிகிச்சை. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடந்த 'ஹீலிக்ஸ்' ஆய்வு 2021இல் வெளியானது. குளிரூட்டப்பட்டவர்களில் 42 சதவீதம் பேரும், குளிரூட்டப்படாதவர்களில் 31 சதவீதம் பேரும் இறந்தார்கள். இங்கே காயம் பிறப்புக்கு வெகுநேரம் முன்பே, நீண்ட நேரம் நடந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. அது சரியென்றால், கருவி வாங்கும் பணம் போய்ச் சேர வேண்டிய இடம் பிரசவ அறைதான்: இதயத்துடிப்பைக் கேட்கும் டாப்ளர், அதைப் பிடித்துக் கேட்க ஒரு கூடுதல் செவிலியர்.

டாக்டர்கள் ஏன் ஆய்வுக்கு அஞ்சுகிறார்கள் என்பதும் புரிகிறது. மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்ற 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நுகர்வோர் வழக்கு பயம். அதோடு வார்டுக்குள் நுழைந்து அடிப்பவர்கள் பயம். எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று நினைப்பவர் எழுத மாட்டார். ஜப்பான் இதற்கு ஒரு வழி கண்டது. 2009 ஜனவரி முதல், பிரசவத்தோடு தொடர்புடைய மூளை முடக்குவாதத்துக்கு, யாருடைய தவறு என்று நிரூபிக்கச் சொல்லாமலே 3 கோடி யென் இழப்பீடு தருகிறார்கள். கூடவே ஒரு குழு கேஸ் தாளைப் படித்துக் காரண அறிக்கை எழுதுகிறது. அது பெற்றோருக்கும் போகிறது, மருத்துவமனைக்கும் போகிறது. பெயர்கள் நீக்கிய சுருக்கம் வெளியிடப்படுகிறது. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை என்பீர்கள். இருக்கட்டும். அறிக்கை எழுத யென் தேவையில்லை.

நான் கேட்பதை மகப்பேறு மரணத் தணிக்கைக்கு உள்ள அதே மாவட்டக் குழுவே செய்யலாம். நிறைமாதத்தில் பிறந்து இரண்டாம், மூன்றாம் நிலை எச்.ஐ.இ. என்று எழுதப்பட்ட ஒவ்வொரு குழந்தையின் பிரசவத்தையும், தனியார் மருத்துவமனையில் பிறந்திருந்தாலும், அக்குழு ஒரு மாதத்துக்குள் படிக்க வேண்டும். தண்டனைக்கான விசாரணையோடு அதைக் கலக்கக் கூடாது. முடிவைப் பெற்றோருக்குத் தமிழில், கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

அந்தக் குழந்தை வீட்டுக்குப் போன பிறகு தொலைந்து போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதக் குழந்தையின் அசைவுகளைத் தேர்ந்தவர் பார்த்தாலே பாதிப்பு வரக்கூடும் என்று பெரும்பாலும் சொல்லிவிட முடியும். என்னிடம் பலர் ஒரு வயது கடந்துதான் வருகிறார்கள். "இவன் அப்பாவும் லேட்டாகத்தான் நடந்தார்" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று மருத்துவமனையிலும் சொல்லியிருப்பார்கள். இதற்கிடையில் மாவட்டத் தலைநகரில் குழந்தைகளுக்கான ஆரம்பகால இடையீட்டு மையம் இருப்பதையே அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண் கொடுத்திருக்கிறீர்கள். அந்த எண் இல்லாமல் கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவிக்கு விண்ணப்பிக்க முடியாது. அதே எண்ணின் கீழ், பிறந்ததும் அழுததா, வலிப்பு வந்ததா, மூன்றாம் மாதம் யார் பார்த்தார்கள் என்ற கட்டங்களைச் சேருங்கள். வலிப்பு வந்தது என்று பதிவானால் கிராம சுகாதார செவிலியரின் கைபேசிக்கும் இடையீட்டு மையத்துக்கும் தகவல் போகட்டும். முதலில் ஒரு மாவட்டத்தில் தொடங்கினாலும் போதும். எங்கள் மாவட்டமாக இருந்தால், என் பதிவேடுகளைத் தாய்மாரின் சம்மதத்தோடு தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
குழந்தைகள் இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர்