அள்ளியதை அன்றே ஏற்றிச் செல்லுங்கள்

திருகோணமலை நகரின் வடிகான்களுக்கும் குப்பைக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். நேற்று உங்கள் ஊழியர்கள் மீண்டும் எங்கள் ஒழுங்கைக்கு வந்து வடிகானைத் துப்புரவு செய்தார்கள். அள்ளிய சகதி, வழமைபோல, வடிகானின் விளிம்பிலேயே குவிந்து கிடக்கிறது. அதை ஜன்னலால் எட்டிப் பார்த்த என் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதை எப்போது கொளுத்துவார்கள்?"

அந்தக் கேள்விதான் இந்த மடலை எழுத வைத்தது.

ஊழியர்கள் மீது எனக்குத் துளியும் கோபமில்லை. உச்சி வெயிலில், கையுறைகூட இல்லாமல், முழங்கால் அளவு சேற்றில் நின்றவர்கள் அவர்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டபோது எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொடுக்க மனம் வராமல், கடைக்குப் போய்ப் போத்தல் வாங்கிவந்து கொடுத்தேன்.

போன தடவையும் "நாளைக்கு உழவு இயந்திரம் வரும்" என்றுதான் சொன்னார்கள். பதினொரு நாட்கள் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் இரவு, காய்ந்த குவியலுக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். யார் என்று தெரியும், சொல்லமாட்டேன். நாற்றம் தாங்காமல் செய்த காரியம். சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீற், யோகட் கோப்பை, குழந்தைகளின் பம்பர்ஸ் என்று எல்லாம் சேர்ந்து புகைந்தன. அம்மாவுக்கு முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா. கதவிடுக்குகளில் ஈரத் துவாயைச் செருகினோம். அப்படியும் புகை வந்தது. படுக்க முடியாமல், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை குந்தியிருந்தார். காலையில் ஆஸ்பத்திரியில் வைத்தியர் கேட்டார், வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்று. எங்கள் ஒழுங்கைதான் பிடிக்கிறது என்று வாய்வரை வந்தது.

குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2017ஆம் ஆண்டு வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. லஞ்ச் சீற்றும் அதே ஆண்டில்தான் தடைசெய்யப்பட்டது. தடைசெய்யப்பட்ட பொருள், தடைசெய்யப்பட்ட முறையில் எரிகிறது. சட்டத்துக்கு இதைவிட மரியாதை வேண்டுமா?

எரியாமல் மிஞ்சியதை அடுத்த மழை பழையபடி வடிகானுக்குள் தள்ளியது. வடிகான் நிரம்பி வளவுக்குள் வந்தது. எங்களுடையது மணல் நிலம். மேலே நிற்பது அப்படியே கீழே இறங்கும். கிணற்றை இரண்டு தடவை இறைத்து, குளோரின் போட்டோம். நான்காம் நாள் வாளியை இழுத்தபோது அதே வடிகான் வாடை. கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்கிறார்கள். கிருமி சாகும், சரி. கழிவிலிருந்து ஊறும் நைத்திரேற்று என்ற உப்பு கொதித்துப் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தைகளுக்கு அது ஆபத்து. பக்கத்து வீட்டில் இரண்டு மாதக் குழந்தை இருக்கிறது. குழாயில் கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வருகிறதே என்பீர்கள். எல்லா வீட்டுக்கும், எல்லா நேரமும் வருகிறதா?

ஆகவே கேட்பது ஒன்றுதான்: அள்ளியதை அன்றே ஏற்றிச் செல்லுங்கள்.

நுளம்புப் பரிசோதனைக்கு வந்தவர்கள் எங்கள் பூச்சட்டித் தட்டில் நின்ற இரண்டு கரண்டித் தண்ணீரைக் கண்டுபிடித்து எச்சரித்துவிட்டுப் போனார்கள். வெளியே போகும்போது வடிகானைத் தாண்டித்தான் போனார்கள். சற்றுக் கவனமாகத் தாண்டினார்கள், சப்பாத்து நனையாமல். கடற்கரைப் பக்கம் மான்கள் பொலித்தீன் மெல்வதை வெள்ளைக்காரர்கள் படம் பிடிக்கிறார்கள். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பெருமைப்படுகிறோம். அதன் கரையில் ஒதுங்குவதை யாரும் படத்தில் போடுவதில்லை. துறைமுகத்தை யாருக்குக் கொடுப்பது என்று கொழும்பில் பேசப் பேச, எங்களுக்கு ஒரு உழவு இயந்திரம் வந்து சேரவில்லை.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். ஆளணியும் எரிபொருளும் போதாது என்பது எனக்கும் விளங்குகிறது. அப்படியானால் ஏற்ற வாகனம் இல்லாத நாளில் அள்ளாதீர்கள். வடிகானுக்குள் கிடக்கும் சகதியை யாரும் கொளுத்துவதில்லை. வாகனம் வரும் நாளில் அள்ளுங்கள், அள்ளியதை அன்றே ஏற்றுங்கள். ஐப்பசி பிறந்தால் மாரி தொடங்கிவிடும். அதற்கு முன் நேற்றைய குவியலையாவது எடுத்துவிடும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஒழுங்கை ஒடுக்கம், உழவு இயந்திரம் உள்ளே வராது என்று ஒருவர் சொன்னாராம். இன்று காலை அளந்து பார்த்தேன். மிக ஒடுங்கிய இடத்திலும் ஒன்பது அடி இருக்கிறது. எங்கள் வேலியை மறித்துக் கட்டியிருக்கும் கம்பியையும் கழற்றி வைக்கிறேன், திரும்புவதற்கு.

இப்படிக்கு,
அந்த ஒழுங்கையில் குடியிருப்பவன்