பதிப்புரிமைச் சட்டத்தின் 31-அ பிரிவைத் திருத்தக் கோரி ஒரு திறந்த மடல்

பதிப்புரிமைச் சட்டத்தைக் கவனிக்கும் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறையின் செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

குடியாத்தத்தில் நான் பொறுப்பேற்றிருக்கும் சிறு வாசகசாலையில் ஒரு தெருக்கூத்துப் புத்தகம் இருக்கிறது. முகப்பில் ‘விலை அணா 4’ என்றிருப்பதால், 1957-இல் நயா பைசா வருவதற்கு முன் அச்சானது எனலாம். ஆசிரியர் பெயரும், அவர் ஊர் போளூர் என்பதும் உண்டு, ஆண்டு இல்லை. புரட்டினால் தாள் அப்பளமாக நொறுங்குகிறது. பழைய வட ஆர்க்காட்டுக் கூத்து ஜமாக்களின் (குழுக்களின்) வாத்தியார்கள் இதை மறுபதிப்பாகக் கேட்கிறார்கள்.

1914-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்பின் வந்த 1957-ஆம் ஆண்டுச் சட்டமும் ஆசிரியர் இறந்தபின் 50 ஆண்டுகள் என்று உரிமையை வரையறுத்தன. தாகூர் நூல்களின் உரிமை 1991 இறுதியில் முடியும் நிலை வந்ததும், 1992-இல் அது எல்லோருக்கும் 60 ஆண்டுகளாயிற்று. போளூர்க்காரர் எப்போது இறந்தார் என்றே தெரியாதபோது, அந்த 60-ஐ எங்கிருந்து எண்ணுவது? பெயர் போடாமல் வெளியிட்டிருந்தால், 23-ஆம் பிரிவின்படி வெளியான ஆண்டிலிருந்து கணக்கிட்டு, இந்நேரம் நூல் பொதுவுடைமையாகியிருக்கும். பெயர் போட்டதற்கு இப்படியொரு தண்டனை.

விற்பனையில் கிடைக்காத நூலுக்குப் பொது நூலகம் மூன்று படிகள் வரை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது; 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் மின்வடிவில் சேமிக்கவும் அனுமதித்தது. அவை எங்கள் அலமாரிக்கு உதவும், ஜமாக்களுக்கு உதவா. மறுபதிப்புக்கு, உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நூல்களை வெளியிட உரிமம் தரும் 31-அ பிரிவுதான் வழி. அதன்படி விண்ணப்பிக்குமுன், நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளிதழ் ஒன்றில் அறிவிப்பு வெளியிட வேண்டும். நூலின் மொழியில் அறிவிப்பு தேவையில்லை; மொழிபெயர்ப்பை வெளியிடுவதானால் மட்டும், மொழிபெயர்க்கும் மொழியின் நாளிதழிலும் வெளியிட வேண்டும். போளூரிலோ ஆரணியிலோ இருக்கக்கூடிய பேரப்பிள்ளைகளை அந்த ஆங்கில விளம்பரம் எப்படிக் கண்டுபிடிக்கும்? அதற்குப் பிறகு, முன்பு பதிப்புரிமை வாரியம் விசாரித்த இந்த மனுக்களுடன், 2021 முதல் வணிக நீதிமன்றம் ஏற வேண்டும். நாலணாப் புத்தகத்துக்கு வக்கீல் வைக்க எங்களால் ஆகாது.

ஆகவே, அடுத்த திருத்தத்தில் அறிவிப்பு நூலின் மொழியிலும், ஆசிரியரின் ஊர் தெரிந்தால் அம்மாவட்டத்திலும் வெளியாக வேண்டும் என்று மாற்றுங்கள். இலாப நோக்கமற்ற நூலகங்களின் மனுவைப் பதிப்புரிமைப் பதிவாளரே முடிக்க வழி செய்யுங்கள். உரிமைத்தொகையை அரசின் பொதுக் கணக்கில் கட்டச் சொல்ல இதே பிரிவில் இடமிருப்பதால், பின்னாளில் வாரிசு வந்தாலும் அவருக்கு நட்டமில்லை.

அனுமதி கிடைக்கும் வரை புத்தகத்தைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். தமிழ் அறிவிப்பை எங்கள் செலவிலேயே அச்சிட்டு, போளூர்ப் பேருந்து நிலையத்தில் ஒட்டவும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகசாலைப் பொறுப்பாளர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.