பெயிண்டை விட்டுவிடுங்கள்

ஆசிரியருக்கு,

பழைய பொம்மைக் கார் வாங்கினால் முதல் வேலையாகச் சுரண்டிப் புது பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போன மாதம் ஒருவரிடம் நிக்கி டாய்ஸ் ஃபோக்ஸ்வாகன் ஒன்று வாங்கினேன். படத்தில் பளபளவென்று இருந்தது, கையில் வந்ததும் கதவு இடுக்கில் நகத்தால் கீறினால் உள்ளே பழைய நிறம் தெரிகிறது. விலையில் பாதி அங்கேயே போச்சு.

நிக்கி என்றால் பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் லிவர்பூலில் டிங்கி என்ற பெயரில் பொம்மைக் கார் செய்தவர்கள் தங்களுக்குத் தேவைப்படாத பழைய வார்ப்பு அச்சுகளை 1960களின் கடைசியில் இந்தியாவுக்கு விற்றார்கள். கல்கத்தாவில் அதே அச்சில் வார்த்து நிக்கி என்று பெயர் போட்டார்கள். அடித்தகட்டைத் திருப்பிப் பார்த்தால், டிங்கி என்ற பெயரை அழித்த தடம் சிலதில் இன்னும் தெரியும், எனக்கு அந்தத் தடம்தான் அழகு. பெயிண்ட் கொஞ்சம் திப்பிதிப்பியாக இருக்கும், இருக்கட்டுமே.

அப்புறம், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி எடுத்துப் பாருங்கள். அவற்றை வார்த்த துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளிருந்தே உப்பி, வெடித்து, கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிரும். ஈரம் அதைச் சீக்கிரமாக்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை