15 கிரேட்டுக்கு ஓர் இரவு இடம்: சேலம் உழவர் சந்தைக் குளிர் அறை குறித்துத் திறந்த மடல்

சேலம் மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும் வேளாண் வணிகத் துறைத் துணை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். நகருக்குள் கூட்டாகக் கீரையும் காய்கறியும் பயிரிடுவோர் சார்பில் எழுதுகிறோம். நாங்கள் கேட்பது கிடங்கு அல்ல. மாலையில் பறித்ததை மறுநாள் விடியற்காலை உழவர் சந்தை கூடும்வரை வைக்க, 20 கிலோ பிடிக்கும் கிரேட் (காய்கறிப் பெட்டி) 15 அடங்கும் இடம். வெப்பநிலை 10 முதல் 12 டிகிரி.

தனியார் குளிர்பதனக் கிடங்குகள் இதற்கு உதவா. புளி, வற்றல் மிளகாய், உருளைக்கிழங்கு என்று மாதக்கணக்கில் மூட்டை அடுக்குவதற்காகக் கட்டியவை அவை. வாடகையும் மாதக் கணக்கு. அங்கே 4 டிகிரியில் வைத்த கத்தரிக்காய் தோலில் குழி விழும், தக்காளி பிறகு பழுத்தாலும் ருசி வராது. புளி வாடை கீரையில் ஏறினால் போகவே போகாது.

10 டிகிரி என்பது ஒரு சமரசம்தான். கீரைக்கு 2 டிகிரி இன்னும் நல்லது. ஆனால் வெண்டை, கத்தரி, வெள்ளரி, தக்காளி எல்லாம் ஒரே அறையில் ஓர் இரவு கெடாமல் இருக்க இதைவிடப் பொருத்தமான அளவு இல்லை. பறித்த பிறகும் இலை மூச்சு விடுகிறது, அந்த மூச்சில் சூடு பிறக்கிறது. ஈரச்சாக்கில் இறுக்கிக் கட்டிய கீரை விடிவதற்குள் நடுவில் வெந்ததுபோல் குழைவது இதனால்தான். அதன்மேல் இன்னும் தண்ணீர் தெளித்தால் அழுகல்தான் கூடும்.

முதல் கோரிக்கை: குளிர் அறை உள்ள உழவர் சந்தைகளில், விற்காமல் மீந்த சரக்கு போக மிஞ்சும் இடத்தை மாலை 6 மணி முதல் காலை 5 மணி வரை எங்களுக்குத் திறந்துவிடுங்கள். கட்டணத்தை ஒரு கிரேட்டுக்கு, ஓர் இரவுக்கு என்று வையுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை மாம்பழத்தை அதே அறையில் அனுமதிக்க வேண்டாம். வாழைப்பழமும் கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும்.

இரண்டாவது கோரிக்கை: குளிர் அறை இல்லாத சந்தையில், கூரைக்குக் கீழே 8 அடிக்கு 8 அடி இடமும் ஒரு சிங்கிள் ஃபேஸ் இணைப்பும் போதும். அறையை நாங்களே அமைத்துக்கொள்கிறோம். 60 மில்லிமீட்டர் பஃப் பேனல் (இரு தகடுகளுக்கு நடுவே வெப்பம் கடத்தாத நுரை அடைத்த பலகை) சுவர், தரைக்கும் கூரைக்கும் அதே பேனல், ஒன்றரை டன் ஏசி. 300 கிலோ காயை 32 டிகிரியிலிருந்து 12க்கு இறக்க எடுக்கவேண்டிய வெப்பம் ஏறக்குறைய ஆறரை யூனிட் (கிலோவாட் மணி). குளிர்ந்த அறையில் ஏசியின் திறன் பாதியாகக் குறைந்தாலும் நள்ளிரவுக்குள் முடிந்துவிடும். வீட்டு ஏசி 16 டிகிரிக்குக் கீழே போகாது; அதன் சென்சாரைச் சூடாக்கி ஏமாற்றும் கன்ட்ரோலர் ஒன்று வேண்டும். அதோடு ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் சுருளின் (coil) தகடுகளுக்கிடையே இரண்டாவது சென்சாரும் அவசியம். இல்லையென்றால் தகடுகளில் பனி உறைந்து காற்று அடைபடும். ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், அறை குளிராது. ஆள் இல்லாத இரவில் இது விடியும்வரை தெரியாது.

சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, மரப்பலகைமேல் அடுக்குவோம். கதவுக்குப் பிளாஸ்டிக் பட்டைத் திரை. கரண்ட் போனால் கதவைத் திறப்பதில்லை. வெளியே எடுத்ததும் காய் வியர்க்கும் என்பதால் தரம் பிரிப்பது, கட்டுவது எல்லாம் உள்ளே வைப்பதற்கு முன்பே.

நடுவில் மணல் நிரப்பி, தண்ணீர் ஊற்றி நனைத்துக் குளிர வைக்கும் இரட்டைச் செங்கல் சுவர்த் தொட்டி போதாதா என்று கேட்கலாம். பங்குனி, சித்திரையின் வறண்ட காற்றில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஐப்பசியில் காற்றே ஈரமாக இருக்கையில் சுவர் காய்வதில்லை, காயாத சுவர் குளிர்வதும் இல்லை.

குளிர் அறை ஓடும் ஏதேனும் ஒரு சந்தையில் 30 நாள் சோதனைக்கு எழுத்துமூலம் அனுமதி தாருங்கள். தினமும் இருவேளை வெப்பநிலை, உள்ளே வைத்த எடை, காலையில் கழித்த எடை மூன்றையும் நோட்டில் எழுதி, வாரந்தோறும் சந்தை நிர்வாக அலுவலரிடம் கையொப்பம் பெற்றுத் தருகிறோம்.

இப்படிக்கு,
சேலம் நகர்ப்புறக் கூட்டுப் பயிரிடுவோர்